வேகவைத்த கயிறு

அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்தின் நூறு வருஷத்துச் சரித்திரம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில், கனத்த அட்டை போட்டு அச்சாகியிருக்கிறது. அதில் சுண்ணாம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு படம் உண்டு. கோப்பையோடு பதினோரு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வலது ஓரத்தில் ஒரு வாளியும் அதைப் பிடித்திருக்கும் கையும் தெரியும். அந்தக் கை, ஊரார் 'சுண்ணாம்பு' என்று கூப்பிடும் மனிதருடையது. மீதி ஆளை அச்சகத்தில் வெட்டிவிட்டார்கள். முப்பத்தெட்டு வருஷம் அந்த மைதானத்தில் கோடு போட்ட மனிதருக்குச் சரித்திரம் கொடுத்த இடம் முழங்கை வரைக்கும்தான்.

நியாயமாகப் பார்த்தால் பாதிப் புத்தகம் அவரைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அந்தக் கழகம் இன்றுவரை மார்தட்டிக்கொள்ளும் பெருமை எல்லாம் ஒரு பானை வெந்நீரில் பிறந்தது. பானையை அடுப்பில் ஏற்றியவர் அவர். அது வெளியே தெரிந்தால் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். அதனால் மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு சுகமும் இருந்தது. ஒரு குத்தலும் இருந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

கழகத்தை ஆரம்பித்தவர்கள் ரயில் பணிமனைக்கு வேலை பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரைகள். முதல் இருபது வருஷம் உள்ளூர்க்காரர்களுக்குக் கோட்டுக்கு வெளியே போன பந்தை ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கும் பாக்கியம் மட்டும் கிடைத்தது. அப்புறம் துரைகளுக்கு மூட்டுவலி வர, ஆள் போதாமல் ஒருவர் இருவராக உள்ளே விட்டார்கள். நாடு கைமாறியபோது கடைசித் துரை மூட்டை கட்டினார். போகும்போது ஒரு விசில், ஓர் அலமாரிச் சாவி, ஒரு கயிறு ஆகிய மூன்றையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். விசில் அந்த வருஷமே தொலைந்தது. சாவி எந்த அலமாரியையும் திறக்கவில்லை. கயிறு மட்டும் நின்றது.

விரல் தடிமனில் பருத்திக் கயிறு. அதில் கோலின் அகலத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு, பெனால்டி புள்ளிக்கு ஒரு முடிச்சு. மைதானத்தில் எதை அளந்தாலும் அந்தத் துரைக் கயிற்றால்தான் அளக்க வேண்டும் என்பது கழகத்தின் எழுதாத சட்டம். செயலாளர் அதில் படு கறார். "டேப்பு கடைக்காரன் விக்கிறது. இது துரை கையால அளந்தது" என்பார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பும் அவர்தான் செயலாளர், இப்போதும் அவர்தான் செயலாளர். சரித்திரத்தை எழுதியவரும் சாட்சாத் அவரேதான்.

சுண்ணாம்புக்கு வேலை கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. அப்போது அந்தப் பட்டப்பெயர் இல்லை. சேர்ந்த நாலாம் நாள் செயலாளர் தகரப்பெட்டியிலிருந்து கயிற்றை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

"பத்திரம்ப்பா. இது அறுந்தா கழகமே அறுந்த மாதிரி."

கயிறு கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. எலி குடும்பம் நடத்திய வாடை வேறு. புது வேலை, நல்ல பேர் வாங்கும் ஆசை யாரை விட்டது? விளையாட்டுக்காரர்களுக்குத் தேநீர் போடும் அறையில் ஒரு பெரிய அலுமினியப் பானை கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடாவை இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டு, கயிற்றைச் சுருட்டி உள்ளே அமுக்கிக் கொதிக்க வைத்தார். மூன்று தடவை தண்ணீர் கறுத்தது. மூன்று தடவையும் மாற்றிவிட்டு மறுபடி கொதிக்க வைத்தார். பிறகு நல்ல வெயிலில் காயப் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, வெளுப்பு என்றால் அப்படி ஒரு வெளுப்பு.

செயலாளருக்கு வாய் மூடவில்லை. "அடேங்கப்பா! துரை காலத்துலகூட இது இப்படி இருந்திருக்காதேப்பா!"

அது சத்தியமான வார்த்தை. துரை காலத்தில் அது இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்தது.

அந்த வாரமே கோல் கம்பங்களைக் கரையான் தின்றுவிட்டது தெரியவந்து, புதுக் கம்பம் நட வேண்டியதாயிற்று. தச்சர் வந்தார். செயலாளர் தலைமையில் துரைக் கயிற்றைப் பிடித்து அளந்து, சட்டத்தை அறுத்து, குழி வெட்டி நட்டார்கள். மைதானத்தின் இரண்டு கோலும் ஒரு சாண் ஒடுங்கின. மேல் சட்டம் நாலு விரல் இறங்கியது. பின்னால் மரம் போய் இரும்புக் குழாய் வந்தபோதும் பட்டறைக்காரர் பழைய கம்பத்தைப் பார்த்தே புதியதை வெட்டினார். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அளந்தது துரைக் கயிறு ஆயிற்றே!

பின்னால் 'சுவர்' என்று பேர் எடுத்தவர் அணிக்கு வந்ததும் அந்த வருஷம்தான். அவர் பணிமனையில் கொல்லு வேலை பார்த்தவர். ஆறடி உயரம், முறம் மாதிரி இரண்டு கை. கோல்கீப்பராக நின்றார். ஆட்டம் தொடங்குமுன் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது கம்பத்தைத் தொட்டுவிட்டு, வலது பக்கமாக ஒன்பது எட்டு எண்ணி வைப்பார். ஒன்பதாவது எட்டில் கையை நீட்டினால் விரல் நுனி கணக்காக வலது கம்பத்தில் போய்ப் படும். கண்ணைக் கட்டிவிட்டாலும் படும். கோலின் அகலம் அவர் உடம்பிலேயே ஏறிவிட்டது. அது எந்த அகலம் என்பதுதான் விஷயம்.

சொந்த மைதானத்தில் தொடர்ந்து முப்பத்தொரு ஆட்டம் அவர் கோலுக்குள் பந்து போகவில்லை. வெளியூர்க்காரர்கள் உதைத்ததெல்லாம் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இல்லாவிட்டால் அந்த முறக் கையில் போய் உட்கார்ந்தது. ஊரே அவரைச் சுவர் என்றது. ஆனால் எதிர்க் கோலும் அதே ஒடுக்கம்தானே? நம்மவர்கள் உதைத்ததும் கம்பத்தில்தான் பட்டது. ஆகவே கழகம் சொந்த மைதானத்தில் தோற்றதும் இல்லை, ஜெயித்தது எப்போதாவதுதான். முப்பத்தொன்றில் இருபத்தாறு ஆட்டம் கோலே இல்லாத சமன். செயலாளர் சரித்திரத்தில் இதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். ஆற்றுக் காற்று, மண்ணின் ஈரம், ஊர்க்காரர்களின் கண்ணியம் என்று பதினேழு காரணம் போட்டிருக்கிறார். பதினெட்டாவது காரணம் வாளியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

சுண்ணாம்பு கோடு போடுவதில் ராட்சசன். முளை அடித்து நூல் கட்டி, ஓட்டை போட்ட டின்னில் சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டே பின்புறமாக நடப்பார். கோடு இம்மி பிசகாது. சுவர் அதைப் பார்த்துச் சொக்கிப் போனார்.

"இவ்வளவு நேரா கோடு போடுறவன் நேரான ஆளாத்தான் இருப்பான்" என்று சொல்லித் தன் தங்கையையே கட்டிக் கொடுத்தார்.

கல்யாணப் படத்திலும் மாப்பிள்ளையின் நகக்கண்ணெல்லாம் வெள்ளை. "இந்தக் கையாலயா எனக்கு மாலை போட்டீங்க?" என்று அந்த அம்மாள் இன்றும் கேட்பாள்.

எல்லாம் நன்றாகப் போனது வெளியூருக்குப் போகாத வரையில். வெளியூரில் ஆட்டம் என்றால் சுவர் ஓட்டைச் சுவர். இரண்டு, மூன்று, ஒரு தடவை ஆறு. எல்லாம் கம்பத்தை ஒட்டிப் போன பந்து. 'வீட்டு வாசல் வீரன்' என்று அந்த ஊர்க்காரர்கள் கத்தினார்கள். செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. "அவனுங்க கோலை அகலமா வெச்சு ஏமாத்துறானுங்கப்பா!" என்று துரைக் கயிற்றையும் சுண்ணாம்பையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அடுத்த ஊரில் கயிற்றின் ஒரு முனையை அவர் பிடிக்க, முடிச்சுப் பக்கத்தைச் சுண்ணாம்பு பிடித்தார். அந்த ஊர்க் கோல் ஒரு சாண் அதிகம்!

"பாத்தியா! பாத்தியா திருட்டுத்தனத்தை!" செயலாளர் குதித்தார். மாவட்டச் சங்கத்துக்கு மனு பறந்தது.

இரண்டாவது ஊருக்குப் போனார்கள். அங்கேயும் ஒரு சாண் அதிகம். அதற்கு ஒரு மனு. மூன்றாவது ஊரில் கயிற்றை இழுத்துப் பிடித்தபோது முடிச்சுக்கும் கம்பத்துக்கும் நடுவே அதே ஒரு சாண் மறுபடியும் சுண்ணாம்பைப் பார்த்து இளித்தது. மூன்று ஊர்க்காரன் சேர்ந்து ஒரே அளவில் திருட முடியுமா? அப்போதுதான் அவருக்கு அந்த அலுமினியப் பானை ஞாபகம் வந்தது. வெந்நீரில் பருத்திக் கயிறு சுருங்கியிருக்கிறது!

"என்னப்பா முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் செயலாளர்.

"வெயில் சார்."

மொத்தம் ஏழு ஊருக்கு ஏழு மனு போனது. சங்கத்தில் படித்துவிட்டுச் சிரித்திருப்பார்கள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கயிறு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியே எடுக்கப்பட்டது.

சொல்லியிருக்கலாமே என்றால், எப்படிச் சொல்வது? வேலை போகும். மனைவி முகத்தில் விழிக்க முடியாது. முதலில் பயத்தில்தான் பேசாமல் இருந்தார். போகப்போக அதில் ஒரு ருசி கண்டுவிட்டார். மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, "அன்னைக்கு அந்தப் பந்தை எப்படிப் புடிச்சேன் தெரியுமா மாப்ளே?" என்று ஆரம்பித்தால் சுண்ணாம்பு குனிந்து தட்டைப் பார்த்துக்கொள்வார். 'ஒரு சாண், ஒரு சாண்' என்று உள்ளே ஒரு குரல் கிச்சுகிச்சு மூட்டும். சிரிப்பில் புரை ஏறும். மனைவி தலையில் தட்டுவாள். ஊருக்கே தெரியாத ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிவது சாதாரண சுகமா?

அந்தச் சுகத்தில் மண் விழுந்தது ஐந்தாம் வருஷம். நாட்டு அணிக்கு ஆள் எடுக்கத் தலைநகரில் தேர்வு ஆட்டம். முப்பத்தொரு ஆட்டக் கதை அங்கேயும் எட்டி, சுவருக்கு அழைப்பு வந்தது. "நீ கூட வா மாப்ளே, நீ வந்தா ராசி" என்று பையைத் தூக்க இவரையும் அழைத்துப் போனார். பஸ் நிலையத்தில் சுண்ணாம்பு, "மச்சான், அங்க கோல் கொஞ்சம் அகலமா இருக்கும். பாத்து நில்லுங்க" என்றார்.

சுவர் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "எல்லா ஊர்லயும் அப்படித்தானே ஏமாத்துறானுங்க! தலைநகர்ல அது நடக்காதுடா மாப்ளே. அங்க எல்லாம் சட்டப்படி."

அங்கே எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. காலையில் இரும்பு டேப்பால் கோலை அளந்தார்கள். சுவர் பக்கத்தில் நின்று பார்த்தார். இருபத்து நாலு அடி, சரியாக. அன்றைக்கு ஐந்து கோல் விட்டார். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சுண்ணாம்பு ஐந்தையும் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மச்சான் பாய்ந்து விழுவார், விரல் நீளும், விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவே பந்து போகும். அந்த இடைவெளி எவ்வளவு என்று உலகத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுவர் மெதுவாகச் சொன்னார்: "நான் பயந்துட்டேன் போல மாப்ளே."

"அப்படியெல்லாம் இல்ல மச்சான்."

"இல்லடா. என் கண்ணு முன்னாலதானே அளந்தாங்க. நம்ம கோல் மாதிரியேதான் இருந்துச்சு. கோளாறு என்கிட்டதான். வெளிய போனா எனக்குக் கை நீள மாட்டேங்குது. பயந்தாங்கொள்ளி நான்."

சுண்ணாம்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இதில் அவருக்காகப் பரிந்து பேச ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் மச்சான் சொந்த மைதானத்துப் பெருமையை எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் இவருக்குப் புரை ஏறவில்லை. சோறுதான் இறங்கவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் ஓடிப்போனது. சுவருக்கு முட்டி போய்விட்டது, ஆனால் பெயர் நின்றது. கழகத்துக்கு நூறு வயது ஆனபோது சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: முதல் பிரிவில் சேர்த்துக்கொள்வதாக உத்தேசம், சங்கத் தலைவர் விழாவுக்கு நேரில் வருவார், மைதானத்தை அளப்பவரும் கூட வருவார்.

செயலாளர் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிகழ்ச்சி நிரலும் போட்டார். காலையில் அளவெடுப்பு. மாலையில் சுவர் பெயரில் கல்வெட்டுத் திறப்பு. கடைசியாகத் தலைவர் ஒரு பெனால்டி உதைப்பார், சுவர் அதைப் பிடிப்பார், படம் எடுப்பார்கள். கல்வெட்டு வாசகம் ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது: 'முப்பத்தொரு ஆட்டம் பந்து புகாத கோல்.'

சுண்ணாம்புக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. டேப் போட்டு அளந்தால் குட்டு வெளியே வரும். முதல் பிரிவு போகும், கல்வெட்டு போகும், மச்சான் ஊர் சிரிக்க நிற்பார். நாலாம் நாள் பட்டறைக்காரரிடம் போய் உட்கார்ந்தார். விழாவுக்குப் புதுக் கம்பம் செய்யும் வேலை அவரிடம்தான் இருந்தது.

"செயலாளர் குடுத்த அளவை விட்டுடு. இருபத்து நாலு அடி, டேப்பு போட்டு வெட்டு. உசரம் எட்டு அடி."

"துரைக் கயிறு?"

"துரைக்குத் தலைவலி. விடு."

பட்டறைக்காரர் ஒரு நிமிஷம் இவர் முகத்தையே பார்த்தார். "இது பழசைவிடப் பெரிசா வருமே" என்றார்.

"வரட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பட்டறைக்காரர் மூச்சு விடவில்லை. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு புதுக் கம்பங்கள் ஏறின. சுண்ணாம்பு முதல் தடவையாக டேப்பை வைத்து மைதானம் முழுக்கக் கோடு போட்டார்.

விழாக் காலையில் அளப்பவர் வந்தார். மெலிந்த மனிதர், சிரிக்கத் தெரியாதவர். டேப்பை இழுத்து, குனிந்து பார்த்து, "சரி" என்று எழுதிக்கொண்டார். சுண்ணாம்புக்கு உயிர் திரும்பியது. அதோடு விட்டிருந்தால் தேவலை. செயலாளர் விடுவாரா?

"சார், இது நூறு வருஷத்துக் கயிறு சார். இதால அளந்ததுதான். கொஞ்சம் பாருங்க!" கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்துவிட்டார். ஒரு முனையை அவரே இடது கம்பத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "ஏய் சுண்ணாம்பு, அந்தப் பக்கம் புடி!" என்றார்.

சுண்ணாம்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டு வலது கம்பத்தை நோக்கி நடந்தார். எதிர்பார்த்த இடத்தில் கயிறு விறைத்து நின்றது. கம்பம் ஒரு சாண் தள்ளி இருந்தது. என்ன செய்வார் பாவம்? முடிச்சைக் கைக்குள் மூடி, கையைத் தொப்பையில் வைத்து, தொப்பையைக் கம்பத்தின் மேல் சாய்த்து, முதுகை அளப்பவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அறுபது வயதில் வளர்த்த தொப்பை அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது.

"கச்சிதம் சார்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

அளப்பவர் தலையை ஆட்டினார். செயலாளர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

மாலையில் ஊரே மைதானத்தில். சுண்ணாம்பின் மனைவி முன்வரிசையில் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கல்வெட்டைத் திறந்தார்கள், கைதட்டினார்கள். தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டுப் பெனால்டி புள்ளிக்கு வந்தார். சுவர் பழைய சீருடையில், வயிறு பிதுங்க, கோலுக்குள் போனார். போனவர் சும்மா நிற்கக் கூடாதா? இடது கம்பத்தைத் தொட்டார். ஒன்று, இரண்டு என்று எட்டு வைக்க ஆரம்பித்தார்.

வாளிக்குப் பக்கத்தில் நின்ற சுண்ணாம்பு தலையில் அடித்துக்கொண்டார். இதை எப்படி மறந்தார்? டேப்பை ஏமாற்றத் தேவையில்லாமல் செய்தார், கயிற்றைத் தொப்பையால் ஏமாற்றினார், இந்த ஒன்பது எட்டை நினைக்கவே இல்லையே!

ஒன்பதாவது எட்டில் சுவர் கையை நீட்டினார். கை காற்றில் நின்றது. விரலைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். வயசாகிவிட்டதால் எட்டு குட்டையாகிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பிப் போய் மறுபடி தொட்டு, மறுபடி எண்ணினார். கூட்டம் கூடவே சேர்ந்து எண்ணியது. "எட்டு! ஒன்பது!" கை மறுபடியும் காற்றில். இப்போது அவர் தன் விரலை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். ஐந்து பந்து போன இடைவெளியை ஒரு மனிதன் மறப்பானா? அவர் தலை மெதுவாகத் திரும்பியது. மைதானத்தில் இருந்த ஆயிரம் பேரில் நேராகச் சுண்ணாம்பைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் உதைத்தார். பந்து நடக்கப் பழகும் குழந்தை மாதிரித் தத்தித் தத்தி வந்து, சுவருக்குப் பக்கத்தில் புகுந்து, வலையில் போய்ப் படுத்தது. சுவர் அசையவே இல்லை. இன்னும் சுண்ணாம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் யாரையோ மிதித்துவிட்டவர் போல, "சாரி, சாரி" என்றார். செயலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரோ புண்ணியவான் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

சுண்ணாம்பு சாமான் அறைக்குள் போய் ஒளிந்தார். சுண்ணாம்பு மூட்டை, உருளை, கிழிந்த வலை. ஐந்து நிமிஷத்தில் வாசல் இருண்டது. சுவர் குனிந்து உள்ளே வந்தார்.

"எவ்வளவு?"

"எது மச்சான்?"

"டேய்."

தங்கை புருஷனிடம் கோபமாக அவர் டேய் போட்டது அதுவே முதல் தடவை.

"ஒரு சாண்" என்றார் சுண்ணாம்பு.

"புதுசு பெரிசா, பழசு சின்னதா?"

"பழசு சின்னது."

"எப்பலேர்ந்து?"

"நீங்க அணிக்கு வந்த வருஷத்துலேர்ந்து. நான் கயித்தை வேகவெச்சேன் மச்சான்."

"என்னத்தை?"

சொன்னார். பானை, சோடா, மூன்று தண்ணீர், தச்சர், ஏழு மனு எல்லாம் சொன்னார். சுவர் உருளையின் மேல் உட்கார்ந்து கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் யார் கண்டது? முப்பத்து மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது அன்றைக்கு அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"தலைநகருக்குப் போறதுக்கு முன்னாலயே தெரியும் மச்சான். பஸ் நிலையத்துல பாதி சொன்னேன். மீதிய முழுங்கிட்டேன். பாவி நான்."

சுவர் அந்தப் பெரிய கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறார் என்று சுண்ணாம்பு தோளைக் குறுக்கிக்கொண்டார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார்.

"அப்ப நான் பயப்படல" என்றார் சுவர்.

"என்னது?"

"அன்னைக்கு. நான் பயந்து கோல் விடல. கை சரியாத்தான் போயிருக்கு. இங்க பழகுன இடத்துக்குப் போயிருக்கு."

"நீங்க பயப்படவே இல்ல மச்சான். நான் பின்னாலயே உக்காந்து பாத்தேனே. ஒவ்வொண்ணுக்கும் புலி மாதிரிப் பாஞ்சீங்க."

"இத்தனை வருஷமா நான் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிட்டிருந்தேன்டா."

அறுபத்து நாலு வயது மனிதர், ஆறடி உடம்பு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுண்ணாம்பும் அழுதார். அவருக்கு அழுவதற்கு வேறு காரணம். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, மூலையில் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்புத் தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"கண்ணை மூடிக்க."

"மச்சான், புதுச் சட்டை..."

"மூடிக்கடா."

மூடிக்கொண்டார். கழுத்திலிருந்து கால் வரைக்கும் ஒரு வாளி. சொட்டச் சொட்ட நிற்கும்போதே அவர் மனைவி தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஐயையோ, என்னங்க இது! அண்ணா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. உன் வீட்டுக்காரனைக் கொஞ்சம் வெளுத்தேன்" என்றார் சுவர். வாசலில் திரும்பி, "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு வா மாப்ளே. அஞ்சு பந்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டில் அவள் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டி, நூற்று நாற்பதாம் பக்கத்துக்கு வந்தாள். "உங்களைப் பத்தி எழுத ஒரு விஷயம்கூடவா கிடைக்கல இவங்களுக்கு?" என்று பொருமினாள். சுண்ணாம்பு காதைச் சொறிந்துகொண்டார். அவள் பேனாவை எடுத்து வாளிக்குக் கீழே எழுதினாள்: 'இந்தக் கை என் வீட்டுக்காரருடையது.'

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் இரண்டே பேர். முப்பத்தெட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தும் சுண்ணாம்பு ஒரு பந்தை உதைத்ததில்லை, கோடு கலைந்துவிடும் என்று. முதல் பந்து கோலுக்கே போகவில்லை, கொடிக் கம்பத்துப் பக்கம் போனது.

"இருபத்து நாலு அடி குடுத்தும் உன்னால உள்ள அடிக்க முடியலையா? அது கணக்குல இல்ல. எடுத்துட்டு வா."

எடுத்து வந்து அடித்தார். ஒன்று சுவரின் காலடியில் புகுந்தது. ஒன்று தலைக்கு மேல் போய் வலையில் விழுந்தது. அடுத்த இரண்டும் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிவதற்குள் உள்ளே போய்விட்டன. ஐந்தாவது எப்படியோ நன்றாக விழுந்தது, வலது கம்பத்தை ஒட்டி, அந்தக் கடைசிச் சாணுக்குள். சுவர் ஒன்பது எட்டு தூரத்தையும் தாண்டிப் பாய்ந்தார். பொத்தென்று விழுந்தார். பந்து விரல் நுனியில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே உருண்டது.

எலும்பு போயிற்று என்று அலறிக்கொண்டு சுண்ணாம்பு ஓடினார். சுவர் மண்ணில் மல்லாந்து கிடந்து மேல் மூச்சு வாங்கினார். முகமெல்லாம் பல்.

"அஞ்சுல ஒண்ணு" என்றார்.

"போதும் மச்சான். எழுந்திரிங்க."

"அங்க அதுவும் இல்லடா." கையை நீட்டினார். சுண்ணாம்பு பிடித்துத் தூக்கிவிட்டார். சுவர் கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, தான் விழுந்ததில் கலைந்திருந்த கோட்டைப் பார்த்தார். "இதைச் சரி பண்ணி வை. நாளைக்கு இன்னும் நாலு இருக்கு."

சுண்ணாம்பு டேப்பை எடுத்து வரப் போனார்.